நாலு வரி பேட்ச்: பார்ப்பதும் ஏற்பதும்

கோப்புத் தொகுப்புகளைக் கையாளும் லிப்ஆர்க்கைவ் என்ற திறமூல நிரல் நூலகத்துக்கு 2021 நவம்பரில் ஒரு சிறிய புல் ரிக்வெஸ்ட், அதாவது 'என் திருத்தத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்ற வேண்டுகோள், வந்தது. இப்படி அனுப்பப்படும் திருத்தத்தைப் பேட்ச் என்பார்கள். டார் எனும் தொகுப்புக் கோப்பைப் பிரிக்கும்போது ஏதாவது தவறினால் ஓர் எச்சரிக்கை வரும். அதில் தவறுக்கான காரணத்தையும் சேர்த்துக் காட்டுவதுதான் மாற்றம் என்று தலைப்பு சொன்னது. யாரும் மறுக்க மாட்டார்கள், மெர்ஜ் ஆனது (மூல நிரலோடு சேர்ந்தது). அதே சில வரிகளுக்குள் இன்னொன்றும் மாறியிருந்தது. திரையில் எழுத 'சேஃப்_எஃப்பிரின்ட்எஃப்' என்ற செயற்கூறு இருந்த இடத்தில் வெறும் 'எஃப்பிரின்ட்எஃப்' உட்கார்ந்திருந்தது. முதலாவது, அச்சிட முடியாத குறிகளைத் தீங்கில்லாத வடிவுக்கு மாற்றிவிட்டுத்தான் திரைக்கு அனுப்பும். இரண்டாவது, வந்ததை வந்தபடியே தள்ளும். டெர்மினலை (கட்டளைத் திரையை) இயக்கும் கட்டுப்பாட்டுக் குறிகளை ஒருவர் ஆர்க்கைவுக்குள் ஒளித்து வைத்தால், அவை பயனரின் டெர்மினலில் வேலை செய்ய வழி திறக்கிறது.

2024 மார்ச் இறுதியில் எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கக் கருவியில் பின்கதவு (ரகசிய நுழைவழி) வைத்த கணக்கு அம்பலமானது. அதே கணக்குதான் இந்தப் பேட்ச்சையும் அனுப்பியது என்று தெரிந்த பிறகே லிப்ஆர்க்கைவ் வரிகளைத் திரும்பிப் பார்த்துச் சரிசெய்தார்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் அது அப்படியே கிடந்தது. அது திட்டமிட்ட சதியா, கவனக்குறைவா என்பது பேட்ச் பார்ப்பவருக்கு இரண்டாம் பட்சம். இரண்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றேதான்: சொன்ன வேலைக்கு இந்த வரி எதற்கு?

பேட்ச் சின்னதா பெரியதா என்று தீர்மானிக்க வரிகளை எண்ணுவது பழகிப்போன வழக்கம். அந்தக் கணக்கு நம்மை ஏமாற்றும். ஒரு மாறியின் பெயரை 400 இடங்களில் மாற்றும் பேட்ச்சில் படித்துப் புரிந்துகொள்ள ஒரே ஒரு விஷயம்தான் உண்டு. ஒரு நிபந்தனைக்குள் ஒப்பிடும் '==' இருக்க வேண்டிய இடத்தில் மதிப்பை மாற்றும் '=' போடும் பேட்ச் ஒரே ஓர் எழுத்து. 2003 நவம்பரில் லினக்ஸின் மைய நிரலான கெர்னலின் சிவிஎஸ் (ஒரு பழைய பதிப்புக் கட்டுப்பாட்டு முறை) நகலுக்குள் யாரோ நுழைத்த இரண்டு வரிகள் இப்படித்தான் இருந்தன. பயனர் எண் 0-வா என்று சோதிப்பதுபோல் தோன்றும். உண்மையில் அந்த எண்ணை 0 ஆக்கி ரூட் எனும் முழு அதிகாரத்தைக் கொடுத்துவிடும். ஆகவே அளவுகோல் வேறு: நிரலின் நடத்தை மாறுகிறதா, மாறினால் எவ்வளவு தூரம் போய்ச் சேரும்?

எழுத்துப்பிழைத் திருத்தத்தையே எடுத்துக்கொள்வோம். திறமூலத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் தொடங்கும் இடம் அது. பிழை நிரலின் குறிப்புரையில் இருந்தால் படித்தோம், மெர்ஜ் செய்தோம், முடிந்தது. பயனர் பார்க்கும் வாசகத்தில் இருந்தால் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். கெட்டெக்ஸ்ட் என்ற மொழிபெயர்ப்பு முறையில் மூல ஆங்கில வாசகமே மொழிபெயர்ப்புகளுக்குச் சாவி. அதில் ஓர் எழுத்து மாறினாலும் எல்லா மொழிகளிலும் அந்த வாசகம் 'ஃபஸ்ஸி' (மறுபடி சரிபார்க்க வேண்டியது) ஆகிவிடும். மொழிபெயர்ப்பாளர்கள் மறுபடி உறுதிசெய்யும்வரை பயனருக்கு ஆங்கிலமே தெரியும். அதனால்தான் வெளியீட்டுக்கு முந்தைய வாரங்களில் பல திட்டங்கள் வாசகங்களை உறையவைக்கின்றன. பிழை லாக் (செயற்பதிவு) செய்தியில் இருந்தால், அந்தச் செய்தியைத் தேடி எடுக்கும் ஸ்கிரிப்ட்கள் எங்காவது ஓடிக்கொண்டிருக்கும்.

பிழை ஒரு செயற்கூறின் பெயரிலோ அமைப்புக் கோப்பின் விசைச்சொல்லிலோ இருந்தால், அதை எழுத்துப்பிழை என்ற கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. இணையப் பக்கங்களைப் பரிமாறும் எச்டிடிபி நெறிமுறையில், பயனர் எந்தப் பக்கத்திலிருந்து வந்தார் என்று சொல்லும் 'ரெஃபரர்' தலைப்பின் ஆங்கில எழுத்துக்கோவையில் ஓர் எழுத்து விடுபட்டிருக்கிறது. 1996-இல் வந்த எச்டிடிபி 1.0 ஆவணத்தில் அப்படியே பதிந்துவிட்டது. இன்றுவரை உலகின் எல்லா உலாவிகளும் அந்தத் தவறான எழுத்துக்கோவையையே அனுப்புகின்றன. வெளியே புழங்கிவிட்ட பெயரைத் திருத்த ஒரே வழி, சரியான பெயரைப் புதிதாகச் சேர்த்து, பழையதை மாற்றுப் பெயராக வைத்திருந்து, பல வெளியீடுகள் கடந்தபின் விலக்குவதுதான்.

கோட்ஸ்பெல் போன்ற எழுத்துப்பிழை திருத்தும் கருவியை ஓட்டி மொத்தமாக வரும் திருத்தங்களில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. டெஸ்ட்டுக்காக வேண்டுமென்றே தவறாக எழுதிய தரவையும், வேறு திட்டத்திலிருந்து நகலெடுத்து வைத்த கோப்புகளையும் கருவி திருத்திவிடும். பின்னதைத் திருத்தினால், அடுத்த முறை மூலத்திட்டத்திலிருந்து புதுப்பிக்கும்போது முரண் வரும். அப்படிப்பட்ட கோப்புகளை பேட்ச்சிலிருந்து எடுக்கச் சொல்லி, மூலத்திட்டத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

டிஃப்பை, அதாவது பழைய நிரலுக்கும் புதியதற்கும் உள்ள வேறுபாட்டைப் படிக்கும் முறைக்கு வருவோம். கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவி இயல்பாக மாற்றத்துக்கு மேலும் கீழும் 3 வரிகளை மட்டுமே காட்டும். அந்த 3 வரிகளுக்குள் சரியாகத் தெரிவது, செயற்கூறு முழுவதையும் பார்த்தால் தவறாக இருக்கலாம். பூட்டு எடுத்திருக்கிறதா, நடுவில் வெளியேறும் பாதையில் நினைவகம் விடுவிக்கப்படுகிறதா, இதே பிழை பக்கத்துச் செயற்கூறிலும் இருக்கிறதா என்பதெல்லாம் சட்டகத்துக்கு வெளியே இருப்பவை. பேட்ச்சை உங்கள் கணினியில் தனிக் கிளைக்கு இறக்கிக்கொள்ளுங்கள். முதலில் இடைவெளி மாற்றங்களை ஒதுக்கும் தெரிவோடு டிஃப் பாருங்கள்; உண்மையான மாற்றம் மட்டும் மிஞ்சும். நீண்ட வரிகளுக்குச் சொல்வாரியான டிஃப் நல்லது. ஒரு பத்தி முழுக்கச் சிவப்பும் பச்சையுமாக இருந்தால், மாறிய சொல் இரண்டே என்று அதில் தெரிந்துவிடும். நிரல் இடம் மாறியிருந்தால் நகர்ந்த வரிகளைத் தனி நிறத்தில் காட்டும் தெரிவைப் போடுங்கள். நகர்ந்தது என்று சொல்லிவிட்டு நடுவில் ஒரு வரி மாறியிருந்தால் அது நிறம் மாறாமல் தனித்து நிற்கும்.

கண் தவறவிடும் மாற்றங்கள் சில உண்டு. கோப்பின் அனுமதி 644-இலிருந்து 755 ஆவது (இயக்கக்கூடிய கோப்பாவது), வரிமுடிவுகள் விண்டோஸ் முறைக்கு மாறி மொத்தக் கோப்பும் மாறியதாகத் தெரிவது, சப்மாட்யூலாக உள்ளே இணைத்த வேறு திட்டத்தின் ஹேஷ் (பதிப்பின் அடையாளக் குறி) நகர்வது, நிரல் சார்ந்திருக்கும் நூலகங்களின் பதிப்பைப் பூட்டி வைக்கும் லாக் கோப்பில் முகவரி மாறுவது ஆகியவை அடிக்கடி வருபவை. இவற்றில் பெரும்பாலானவை பங்களிப்பாளரின் எடிட்டர் செய்த வேலைதான். ஆனாலும் கேட்காமல் விடக் கூடாது. 2021 நவம்பரில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் இன்னொன்றைக் காட்டினார்கள். இடம் வலம் திருப்பும் யூனிகோடு குறிகளை நிரலுக்குள் வைத்தால், கம்பைலர் (நிரலை இயங்கும் வடிவுக்கு மாற்றும் கருவி) படிக்கும் வரிசையும் மனிதர் பார்க்கும் வரிசையும் வேறாகிவிடும். நிரல்களை வைத்துப் பகிரும் கிட்ஹப் தளம் இப்போது அத்தகைய கோப்புக்கு மேல் எச்சரிக்கைப் பட்டை காட்டுகிறது. அதைப் பார்த்தால் தாண்டிப் போகாதீர்கள்.

நிரலை உருவாக்கும் வழியைச் சொல்லும் பில்டு கோப்புகளைத் தொடும் சின்ன பேட்ச்தான் அதிகக் கவனம் கேட்பது. எக்ஸ்இசட் விவகாரத்தில் 2024 பிப்ரவரியில் சிமேக் என்ற பில்டு கருவிக்கான கோப்புக்குள் ஒரு முற்றுப்புள்ளி தனி வரியில் வைக்கப்பட்டது. லேண்ட்லாக் என்ற லினக்ஸ் பாதுகாப்பு வசதி கணினியில் உண்டா என்று பார்க்க ஒரு துண்டு சி நிரலை கம்பைல் செய்து பார்க்கும் பகுதி அது. புள்ளி இருப்பதால் அந்தத் துண்டு எந்தக் கணினியிலும் கம்பைல் ஆகாது. எனவே வசதி இல்லை என்று முடிவு வரும். பாதுகாப்பு வளையம் இல்லாமலே நிரல் உருவாகும். பில்டு நிற்காது, டெஸ்ட்டும் தோற்காது. இந்த வகைப் பேட்ச்சைக் கண்ணால் மட்டும் பார்த்து ஏற்கக் கூடாது. அந்த வசதி நிச்சயம் இருக்கிற கணினியில் சுத்தமான பில்டு ஒன்றை ஓட்டி, அமைப்பு நிலையின் வெளியீட்டில் 'உண்டு' என்று வருகிறதா என்று பாருங்கள். தோற்றால் அமைதியாக நகர்ந்துவிடும் சோதனைகளுக்கு வேறு காவல் கிடையாது.

சிஐ ஓட்டங்களையும் (பேட்ச் வந்ததும் தானாக ஓடும் பில்டு, டெஸ்ட் வேலைகளையும்) இதோடு சேர்க்க வேண்டும். முதல்முறை பங்களிப்பவரின் புல் ரிக்வெஸ்ட்டுக்கு கிட்ஹப் ஆக்‌ஷன்ஸ் தானாக ஓடாது, பராமரிப்பாளர் அனுமதிக்க வேண்டும் என்ற ஏற்பாடு 2021 ஏப்ரலில் வந்தது. இலவச சர்வர்களில் கிரிப்டோ நாணயம் தோண்டியவர்களால் வந்த ஏற்பாடு அது. ஆனால் ஒரு பேட்ச் மெர்ஜ் ஆகிவிட்டால் அவர் முதல்முறையாளர் அல்ல. 2023-இல் இரு பாதுகாப்பு ஆய்வாளர்கள் பைடார்ச் என்ற ஏஐ நூலகத் திட்டத்தில் இதை நிரூபித்தார்கள். மார்க்டவுன் கோப்பில் ஓர் எழுத்துப்பிழையைத் திருத்தினார்கள்; மெர்ஜ் ஆனதும், திட்டம் சொந்தமாக வைத்திருந்த ரன்னர் கணினிகளில் (சிஐ வேலைகளை ஓட்டுபவை) அனுமதி கேட்காமலே தங்கள் நிரலை ஓட்ட முடிந்தது. எழுத்துப்பிழைத் திருத்தத்தை மறுப்பது இதற்குத் தீர்வல்ல. ரெப்போவின் (திட்டக் களஞ்சியத்தின்) அமைப்பில் வெளிப் பங்களிப்பாளர் எல்லாருக்கும் ஒவ்வொரு முறையும் அனுமதி தேவை என்று மாற்றுங்கள். பொது ரெப்போவில் சொந்த ரன்னரை இணைக்காதீர்கள்.

இனி, எச்சரிக்கையை அடக்கும் பேட்ச். இதைத் தனியாகச் சொல்லக் காரணம், சின்ன பேட்ச்களில் மிகப் பெரிய சேதத்தைச் செய்தது இந்த வகைதான். 2006-இல் டெபியன் என்ற லினக்ஸ் வெளியீடு தரும் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நூலகத் தொகுப்பில் இரண்டு வரிகள் குறிப்புரையாக்கப்பட்டன, அதாவது செயல்படாமல் ஆக்கப்பட்டன. தொடக்க மதிப்பு கொடுக்காத நினைவகத்தைப் படிப்பதாக வால்கிரைண்ட் என்ற நினைவகச் சோதனைக் கருவி புலம்பியது. அந்தப் புலம்பலை நிறுத்துவதே நோக்கம். இரண்டு வரிகளும் பார்க்க ஒரே மாதிரி: 'எம்டி_அப்டேட்' செயற்கூறை அதே மூன்று மதிப்புகளோடு அழைப்பவை. ஆனால் அவை இருந்த இடங்கள் வேறு. ஒன்று, ராண்டம் எண் கேட்டவரின் இடையகத்தில் தற்செயலாகக் கிடந்ததையும் கலவையில் சேர்ப்பது. அதை எடுத்தால் பெரிய இழப்பில்லை. ஓபன்எஸ்எஸ்எல்-லே அதை நீக்கிக் கம்பைல் செய்ய ஒரு வழி வைத்திருந்தது. மற்றொன்று, சேகரித்த ராண்டம் தன்மை முழுவதையும் தொட்டிக்குள் ஊற்றும் வரி. அது போனதும் ராண்டம் எண்களுக்கு விதையாக மிஞ்சியது செயல்முறை எண் மட்டுமே. லினக்ஸில் அது வழக்கமாக 32,768-க்குள் அடங்கும். அதாவது ஒரு வகைக் கணினியில், ஒரு குறிப்பிட்ட அளவுக்கு உருவாகக்கூடிய எஸ்எஸ்எச் சாவிகள் (தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவுபவை) அவ்வளவுதான். எல்லாவற்றையும் முன்கூட்டியே கணக்கிட்டுப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம். 2008 மே 13 அன்று டெபியன் அறிவித்தபோது, டெபியனிலும் உபுண்டுவிலும் அந்த இடைக்காலத்தில் பிறந்த சாவிகளை எல்லாம் தூக்கி எறிய வேண்டியதாயிற்று.

அந்த வரிகளைப் பற்றி ஓபன்எஸ்எஸ்எல் மடலாடலில் முன்கூட்டியே கேட்கவும் பட்டது. பிழைதிருத்தத்துக்கு உதவுமென்றால் எடுக்கலாம் என்ற தொனியில் பதிலும் வந்தது. முழு பேட்ச்சைச் சூழலோடு யாரும் வைத்துப் பார்க்கவில்லை. எச்சரிக்கையை நிறுத்தும் பேட்ச் வந்தால் மூன்றைக் கேளுங்கள். எச்சரிக்கை உண்மையா, கருவியின் தவறான புரிதலா? உண்மையென்றால் அதன் வேர் எங்கே? இந்த வரி எதற்காக எழுதப்பட்டது? மூன்றாவதற்கு, ஒவ்வொரு வரியும் எந்த மாற்றத்தில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் கட்டளை பதில் சொல்லும். அந்த வரியைக் கொண்டுவந்த கமிட்டின் (கிட்டில் பதிவான மாற்றத்தின்) செய்தியைப் படிக்காமல் எதையும் நீக்க விடாதீர்கள்.

பிழையைச் சரிசெய்யும் பேட்ச்சோடு டெஸ்ட் வந்தால் மகிழ்ச்சி. அது பச்சையாக ஓடுவதை மட்டும் பார்த்துத் திருப்தி அடையக் கூடாது. டெஸ்ட் கோப்பை வைத்துக்கொண்டு, திருத்தத்தை மட்டும் பின்வாங்கி ஓட்டுங்கள். அப்போது தோற்க வேண்டும். தோற்கவில்லை என்றால் டெஸ்ட் வேறெதையோ சோதிக்கிறது. சில நிமிட வேலைதான், ஆனால் பலர் செய்வதில்லை.

மொழிபெயர்ப்புப் பேட்ச்கள் வேறு மாதிரி. அந்த மொழி தெரியாத பராமரிப்பாளர்தான் பெரும்பாலும் மெர்ஜ் பொத்தானை அழுத்துகிறார். தமிழ் பிஓ கோப்பு (கெட்டெக்ஸ்ட் மொழிபெயர்ப்புக் கோப்பு) வந்தால் முதலில் எம்எஸ்ஜிஎஃப்எம்டி கருவியைச் சோதனைத் தெரிவோடு ஓட்ட வேண்டும். இடக்குறிகள் (எண்ணோ பெயரோ வந்து அமரும் இடத்தைக் காட்டுபவை) விடுபட்டதையும், வாசகத்தின் இறுதி வரிமுடிவு பொருந்தாததையும் அது பிடித்துவிடும். பிடிக்காதது ஒன்று இருக்கிறது. '10 கோப்புகளில் 3 முடிந்தது' என்ற வாசகத்தை எண்ணிப் பாருங்கள். ஆங்கிலத்தில் முடிந்த எண்ணிக்கை முதலிலும் மொத்தம் பின்னாலும் வரும், தமிழில் தலைகீழ். இடக்குறிகளுக்கு 1, 2 என்று வரிசை எண் இடாமல் எழுதினால் '3 கோப்புகளில் 10 முடிந்தது' என்று திரையில் வரும். இரண்டும் முழு எண்கள் என்பதால் கருவிக்கு எந்தக் குறையும் தெரியாது. ஒரே வகை இடக்குறி இரண்டு வரும் வாசகங்களை மட்டும் தேடியெடுத்து, தமிழ் அறிந்த இன்னொருவரிடம் காட்டுவது சரியான வழி. அந்தப் பேட்ச் தன் மொழியின் கோப்பைத் தவிர வேறெதையும் தொடவில்லை என்பதையும் உறுதிசெய்யுங்கள்.

உரிமை விஷயத்தில் 'சின்னது' என்பதற்குச் சில இடங்களில் எழுதப்பட்ட வரையறையே உண்டு. பதிப்புரிமை ஒப்படைப்புக் கேட்கும் குனு திட்டங்களில், சுமார் 15 வரிகளுக்குக் குறைந்த மாற்றத்துக்கு அந்தத் தாள்வேலை வேண்டாம். ஒரே பெயரை நூறு இடத்தில் மாற்றுவது இந்தக் கணக்கில் சேராது. ஆனால் ஒரே ஆளின் சின்ன மாற்றங்கள் அடுத்தடுத்து வந்தால் கூட்டிக் கணக்கிட வேண்டும். ஆறு வரி, ஐந்து வரி, எட்டு வரி என்று மூன்று பேட்ச் வந்தால் எல்லை தாண்டிவிட்டது. குனுவின் ஈமேக்ஸ் எடிட்டரில் இத்தகைய கமிட்டின் செய்தியிலேயே தாள்வேலை விலக்கு என்று குறிப்பார்கள், பின்னால் எண்ணிப் பார்க்க வசதியாக. லினக்ஸ் கெர்னல் 2004 முதல் வேறு வழியில் போகிறது. ஒரு வரியானாலும் 'சைன்ட்-ஆஃப்-பை' வரி வேண்டும். இதை அனுப்ப எனக்கு உரிமை உண்டு என்ற உறுதிமொழி அது. லினக்ஸில் தன் நிரல் இருப்பதாக எஸ்சிஓ நிறுவனம் தொடுத்த வழக்கின் காலத்தில் பிறந்தது. அந்த வரி விடுபட்டிருந்தால் பராமரிப்பாளர் தாமே எழுதிச் சேர்க்கக் கூடாது. உறுதிமொழி அவருடையது, கேட்டு வாங்க வேண்டும். ஏஐ எழுதிய நிரலை ஜென்டூ என்ற லினக்ஸ் வெளியீடு 2024 ஏப்ரலில் மறுத்ததற்குச் சொன்ன காரணங்களில் பதிப்புரிமைக் குழப்பமும் ஒன்று.

எல்லாம் சரி, ஏற்கலாம் என்று முடிவாகிவிட்டது. பேட்ச் சரியாக இருந்து, இடைவெளியோ கமிட் செய்தியோ மட்டும் பிசகியிருந்தால், அதற்காக ஒருவரைத் திருப்பி அனுப்பாதீர்கள். பங்களிப்பாளர் அனுமதித்திருந்தால் அவருடைய கிளையிலேயே நீங்கள் திருத்தலாம். இல்லையென்றால் உங்கள் பக்கம் எடுத்துத் திருத்தி, ஆசிரியர் பெயரை அவருடையதாகவே வைத்து ஏற்றுங்கள். கெர்னலில் பராமரிப்பாளர்கள் தாங்கள் மாற்றியதை ஒரு வரியில் சதுர அடைப்புக்குள் பதிந்துவிடுகிறார்கள், நல்ல பழக்கம். 'சரிசெய்தேன்', 'மறுபடியும்' என்று நாலு கமிட் கிடந்தால் ஸ்குவாஷ் செய்யுங்கள் (ஒரே கமிட்டாக இணையுங்கள்). ஸ்குவாஷ் செய்யும்போது கிட்ஹப் அந்த நாலு செய்திகளையும் ஒட்டி வைக்கும். அதை அழித்து, என்ன தவறு, ஏன் இந்தத் திருத்தம் என்று இரண்டு மூன்று வரிகளில் நீங்களே எழுதுங்கள். எந்தக் கமிட் பிழையைக் கொண்டுவந்ததோ அதன் ஹேஷைக் குறிப்பிடுங்கள். கெர்னலில் குறைந்தது 12 எழுத்து வேண்டும். பழைய வெளியீடுகளைப் பராமரிப்பவர்கள் அதைப் பார்த்துத்தான் இது தங்களுக்கு வேண்டுமா என்று முடிவெடுக்கிறார்கள். நிலைப்பதிப்புக்குப் போக வேண்டுமென்றால் கெர்னல் விதி இன்னும் இறுக்கம்: சூழல் வரிகளோடு சேர்த்து 100 வரிகளைத் தாண்டக் கூடாது, மூலக்கிளையில் ஏற்கனவே சேர்ந்திருக்க வேண்டும்.

வடிவமைப்பு மட்டும் மாறும் பேட்ச்சை நடத்தை மாறும் பேட்ச்சோடு ஒரே கமிட்டில் ஏற்கவே கூடாது. பிரித்து அனுப்பச் சொல்வதில் தயங்க வேண்டாம். வடிவமைப்புக் கமிட்டின் ஹேஷை ஒரு பட்டியல் கோப்பில் சேர்த்து, அந்தக் கோப்பை கிட்டுக்குச் சுட்டிவிட்டால், கிட் 2.23 முதல் பிளேம் அதைத் தாண்டி உண்மையான ஆசிரியரைக் காட்டும்.

மறுக்க வேண்டியவையும் வரும். 2020 அக்டோபரில் ஹேக்டோபர்ஃபெஸ்ட் என்ற திறமூல ஊக்குவிப்பு நிகழ்வில் 4 புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் டி-ஷர்ட் என்ற நிலையில், ரீட்மீ கோப்பில் பாராட்டுச் சொல் ஒன்றைச் சேர்க்கும் பேட்ச்கள் ஆயிரக்கணக்கில் குவிந்தன. அக்டோபர் 3 அன்று நடத்துநர்கள் விதியை மாற்றி, சம்மதம் தெரிவித்த ரெப்போக்களை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள். அத்தகைய பேட்ச்சுக்கு விளக்கம் எழுதி நேரத்தைச் செலவிட வேண்டியதில்லை. லேபிள் இட்டு மூடலாம். அதையும் உண்மையான புதியவரின் தடுமாற்றத்தையும் ஒன்றாகக் கருதக் கூடாது. பின்னவர் அனுப்பியது வேண்டாத மாற்றமாக இருந்தாலும், ஏன் வேண்டாம் என்று இரண்டு வாக்கியம் எழுதுங்கள். அதே பகுதியில் திறந்திருக்கும் உண்மையான வேலை ஒன்றைச் சுட்டுங்கள்.

மறுப்பைவிட அதிகம் காயப்படுத்துவது மௌனம்தான். சின்ன பேட்ச்தானே, பிறகு பார்க்கலாம் என்று விட்ட பேட்ச் ஆறு மாதத்தில் மூலக்கிளையோடு முரண்படத் தொடங்கும். அப்போது 'ரீபேஸ் செய்யுங்கள்' (இன்றைய மூலக்கிளை மேல் மறுபடி பொருத்துங்கள்) என்று ஒற்றை வரி எழுதுவது நியாயமில்லை, தாமதம் திட்டத்துடையது. முரண் இரண்டு மூன்று வரிகளுக்குள் இருந்தால் பராமரிப்பாளரே ரீபேஸ் செய்து, டெஸ்ட்டை மறுபடி ஓட்டி, அனுப்பியவர் பெயரிலேயே மெர்ஜ் செய்துவிட்டு அவருக்குத் தெரிவிக்கலாம்.